மின்கிடாருக்குக் குரல் தந்த சார்லி கிறிஸ்டியன்

இசைக்கு மயங்காத உயிர் இல்லை என்பார்கள். நெடுநாள் வாழ்ந்து, நூற்றுக்கணக்கில் பாடல்கள் தந்து, முதுமையில் மறைந்த மேதைகள் இசையுலகில் பலர் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்து, அதிலும் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகவே உலகறிய வாசித்து, ஒரு வாத்தியத்தின் தலையெழுத்தையே மாற்றிவிட்டுப் போன ஒருவரைப் பற்றி இங்கே எழுத முற்படுகிறோம். அவர் பெயர் சார்லி கிறிஸ்டியன். அமெரிக்க நாட்டின் கறுப்பின மக்களிடையே பிறந்து, ஜாஸ் என்னும் இசையில் மின்கிடார் வாசித்தவர்.

தோழியரே, கிடார் என்றதும் ஞாயிறு திருப்பலியில் நம் பாடகர் குழுவோடு ஒலிக்கும் மரக்கிடார்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. மின்கிடாரின் கதை வேறு. அதன் தந்திகளுக்கு அடியில் தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான ஒரு பொருள் பதிக்கப்பட்டிருக்கும். பிக்-அப் என்று அதற்குப் பெயர். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கி ஆம்ப்ளிபயருக்கு அனுப்புவது அதுவே. ஆகவே மின்கிடாரின் குரல் எப்படியிருக்கும் என்பதில் பாதிப் பங்கு இந்தப் பிக்-அப்புக்கு உண்டு. கடைகளில் பல வகைப் பிக்-அப்புகள் கிடைக்கின்றன. ஜாஸ் வாசிக்கக் கனிந்த நாதம் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு, அவற்றுள் ஒரு வகையைச் சார்லி கிறிஸ்டியன் பிக்-அப் என்றே இன்றும் காட்டுகிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் அவர் அல்லர். அப்படியிருக்க, எஃகும் செம்புக் கம்பியும் சேர்ந்த ஒரு துண்டில் அவர் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? அந்தக் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

சார்லி 1916-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் பான்ஹம் என்ற சிற்றூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஓக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் கிளாரன்ஸ் கிறிஸ்டியன் இசை அறிந்தவர். ஆனால் கண்பார்வையை இழந்துவிட்டார். குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், மகன்கள் கைப்பிடித்து அழைத்துச் செல்ல, வசதியுள்ளவர்கள் வாழும் தெருக்களுக்குப் போய் வாசல்தோறும் பாடி வாசிப்பார். சிலர் காசு கொடுப்பார்கள், சிலர் பொருள் கொடுப்பார்கள். மிகச் சிறியவரான சார்லி, வாத்தியம் பிடிக்கும் வயது வரும்வரை, அண்ணன்மாரின் இசைக்கு ஆடிக்காட்டி மகிழ்வித்தார். பிறகு தந்தையிடமே கிடார் கற்றார். அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை இறந்தார். மகனுக்கு அவர் வைத்துவிட்டுப் போன சொத்து அவருடைய கிடார்களே.

அக்காலத்தில் அந்த மாநிலத்தில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சார்லி படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கான டக்ளஸ் பள்ளியில். கைத்தொழில் வகுப்பில் சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு தந்தி வாத்தியம் செய்து வாசித்த சிறுவனாக அவரை நினைவுகூர்கிறார், அதே பள்ளியில் படித்துப் பின்னாளில் பெரும் எழுத்தாளரான ரால்ப் எலிசன். அப்பள்ளியின் இசை ஆசிரியை செலியா பிரோ அம்மையார் நகரெங்கும் மதிக்கப்பட்டவர். சார்லியின் ஆசையெல்லாம் பள்ளி வாத்தியக் குழுவில் டெனார் சாக்ஸபோன் ஊத வேண்டும் என்பது. ஆசிரியையோ டிரம்பெட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரம்பெட் ஊதினால் உதடு கோணிவிடும் என்று பயந்த சார்லி, குழுவே வேண்டாமென்று பேஸ்பால் விளையாடப் போய்விட்டார்! படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சாக்ஸபோன் ஆசை அவரை விட்டுப் போகவில்லை என்பதைத் தோழியர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்நாளைய ஜாஸ் குழுக்களில் கிடாரின் நிலை பரிதாபமானது. டிரம்பெட்டுகள், டிராம்போன்கள், சாக்ஸபோன்கள், இவற்றுக்குப் பின்னால் முழங்கும் டிரம் எல்லாம் ஒலிக்கும்போது, ஒரு மரப்பெட்டியின் மேல் விரலால் எழுப்பும் ஒலி யார் காதில் விழும்? எனவே கிடார்காரர் நான்கு தட்டுக்கும் நான்கு முறை தந்திகளை ஒருங்கே தட்டித் தாளத்துக்குத் துணை நின்றார். கவுண்ட் பேசி குழுவில் பிரெடி கிரீன் அந்த வேலையை ஒரு தவம் போலச் செய்தார். ஆனால் தனியாக ஒரு ராகத்தை எடுத்து விரித்து வாசிப்பதென்றால் மற்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

சாக்ஸபோனுக்கு அந்தக் குறையில்லை. அக்காலத்தில் லெஸ்டர் யங் என்ற டெனார் சாக்ஸபோன் கலைஞர் ஓக்லஹோமா நகரில் ஒரு குழுவோடு வாசித்து வந்தார். பிறர் வேகமாக உரத்து ஊத, அவர் பதற்றமில்லாமல், நீண்ட வாக்கியங்களில் பேசுவது போல் ஊதுவார். சார்லி அதைக் கேட்டுக் கேட்டு, அந்த வாக்கியங்களைக் கிடாரில் வாசிக்கப் பழகினார். ஆறு தந்திகளில் ஒரு சாக்ஸபோன்! விரல்கள் தயாராகிவிட்டன. வாத்தியம்தான் இன்னும் தயாராகவில்லை.

இங்கே கதை ஓக்லஹோமாவை விட்டு வடக்கே, மிச்சிகன் மாநிலத்தின் காலமசூ நகருக்குப் போகிறது. கிப்சன் என்ற கிடார் நிறுவனம் அங்கே இருந்தது. வால்டர் புல்லர் என்பவர் அங்கே ஒரு பிக்-அப்பை வடிவமைத்தார். அதைப் பதித்து 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இ.எஸ்.-150 என்ற கிடார் விற்பனைக்கு வந்தது. கிடாரும் ஆம்ப்ளிபயரும் சேர்த்து ஏறக்குறைய 150 டாலர் விலை. பெயரில் உள்ள எண்ணுக்குக் காரணம் அதுவே.

அந்தப் பிக்-அப் எப்படி வேலை செய்கிறது? அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தது. கிடாரின் மேற்பலகைக்கு அடியில், வெளியே தெரியாமல், இரண்டு நீண்ட காந்தங்கள் படுத்திருக்கின்றன. அவற்றோடு ஒட்டிய ஓர் எஃகுத் தகடு பலகையைத் துளைத்து மேலே வந்து, ஆறு தந்திகளுக்கும் குறுக்கே கத்தி முனை போல நிற்கிறது. அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். தந்தியும் எஃகு என்பதால், அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. உடனே சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஓட்டம் வடம் வழியாக ஆம்ப்ளிபயருக்குப் போய்ப் பெரிதாகி ஒலியாக வெளிவருகிறது. நைலான் தந்தி கட்டினால் இந்தப் பிக்-அப் ஊமையாகிவிடும். காந்தத்துக்கு நைலானை அடையாளம் தெரியாது அல்லவா? காந்தங்கள் கனமானவை. அவற்றைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகளின் தலைகள் மேற்பலகையில் தெரியும். பழைய படங்களில் சார்லியின் கிடாரை இந்த மூன்று புள்ளிகளைக் கொண்டே அடையாளம் காணலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாவது தந்தி, மேலே கம்பி சுற்றாத வெறும் எஃகு. அது மற்றவற்றை மிஞ்சிக் கத்தியது. எனவே சில பிக்-அப்புகளில் அந்தத் தந்திக்கு நேர் கீழே தகட்டில் ஒரு சிறு வெட்டு வெட்டினார்கள். பால்பல் விழுந்த பிள்ளையின் வரிசை போல ஓர் இடைவெளி! அந்த இடத்தில் எஃகு சற்று விலகி நின்றதால் தந்தியின் கூச்சலும் அடங்கியது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பிக்-அப் வைக்கப்பட்ட இடம் என்பது எங்கள் எண்ணம். கிடாரின் கழுத்து முடியும் இடத்தையொட்டி, விரல்பலகையின் ஓரத்தில் அதை வைத்தார்கள். அதன் பயனை நம் பள்ளி இசை அறையில் உள்ள சாதாரணக் கிடாரிலேயே ஓரளவு உணரலாம். வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பிரிட்ஜின் அருகே தந்தியை மீட்டினால் ஒலி மெலிந்து, தகரம் போல் கூர்மையாக இருக்கும். அதே தந்தியைக் கழுத்தருகே மீட்டினால் ஒலி உருண்டு திரண்டு வரும். பிரிட்ஜின் அருகே தந்தி அதிகம் அசைவதில்லை. அங்கே அடிப்படைச் சுரம் குன்றி மேற்சுரங்கள் ஓங்கியிருக்கும். கழுத்தருகே தந்தி அகலமாக ஊசலாடுவதால் அடிப்படைச் சுரம் நிறைவாக நிற்கும். மீட்டும் இடத்துக்குச் சொன்னது பிக்-அப் கேட்கும் இடத்துக்கும் பொருந்தும். பிரிட்ஜின் அருகே இருந்து கேட்கும் பிக்-அப் ஊசிக் குரலைக் கேட்கிறது. கழுத்தருகே இருந்து கேட்பது நெஞ்சிலிருந்து வரும் குரலைக் கேட்கிறது. டெனார் சாக்ஸபோனின் குரலும் நெஞ்சுக் குரலே.

எட்டி டர்ஹாம் என்ற கலைஞர் மின்கிடாரை ஜாஸில் முதன்முதலாகக் கையாண்ட சிலருள் ஒருவர். 1937-ஆம் ஆண்டளவில் ஓக்லஹோமா நகருக்கு வந்தபோது இளைஞர் சார்லிக்கு இந்தப் புதிய கருவியின் நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விரைவில் சார்லியின் கைகளிலும் ஓர் இ.எஸ்.-150 வந்து சேர்ந்தது. ஊரில் அவரைக் கேட்டவர்கள் வியந்தார்கள். வியந்தவர்களுள் மேரி லூ வில்லியம்ஸ் என்ற பெண் பியானோ மேதையும் ஒருவர். அவர் வழியாகவே சார்லியைப் பற்றிய செய்தி நியூயார்க்கில் இசைத்தட்டுத் துறையில் இருந்த ஜான் ஹாமண்டின் காதுக்குப் போனது. திறமை இருந்தும் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. இங்கே அதைச் செய்தவர் ஒரு பெண் என்பதில் நமக்குப் பெருமை.

ஹாமண்ட் 1939 ஆகஸ்டில் ஓக்லஹோமாவுக்கே வந்து கேட்டார். அப்போது நாட்டிலேயே புகழ்பெற்ற குழுவை நடத்திவந்தவர் கிளாரினெட் மேதை பென்னி குட்மன். வெள்ளையரான குட்மன், டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கலைஞர்களைத் தம்முடன் மேடையேற்றி, அக்காலக் கட்டுப்பாட்டை ஏற்கெனவே உடைத்திருந்தார். அவரிடம் சார்லியைச் சேர்த்துவிட வேண்டும் என்பது ஹாமண்டின் தீர்மானம். ஆகஸ்ட் 16-ஆம் நாள் சார்லி கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தார். கையில் கிடாரும் ஆம்ப்ளிபயரும். கிராமத்துப் பையன் திருவிழாவுக்குப் புறப்பட்டது போலப் பளிச்சென்ற உடுப்பு. பார்த்த மாத்திரத்தில் குட்மனுக்குப் பிடிக்கவில்லை. சரியாக வாசித்துக் காட்டக்கூட நேரம் கொடுக்காமல் போய்விட்டார்.

அன்றிரவு பெவர்லி ஹில்ஸ் நகரின் விக்டர் ஹியூகோ உணவகத்தில் குட்மன் குழுவின் நிகழ்ச்சி. குட்மன் இரவு உணவுக்கு எழுந்த நேரத்தில், ஹாமண்ட் சமையற்கட்டு வழியாக ஆம்ப்ளிபயரைத் தூக்கி வந்து மேடையில் வைத்துவிட்டார். திரும்பி வந்த குட்மன் மேடையில் சார்லியைக் கண்டு எரிச்சலடைந்தார். கூட்டத்தின் முன் விரட்டவும் முடியாது. இந்தப் பையனுக்குத் தெரிந்திருக்காது என்று எண்ணி, ரோஸ் ரூம் என்ற பாட்டை எடுக்கச் சொன்னாராம். சார்லிக்குத் தெரிந்திருந்தது. ஒரு சுற்று வாசித்தார். இன்னொரு சுற்று. மீண்டும் ஒன்று. ஒவ்வொன்றிலும் புதுப்புது வாக்கியங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டு சுமார் முக்கால் மணி நேரம் ஓடியது என்று எழுதுகிறார்கள். சார்லி அன்றே குட்மன் குழுவில் ஒருவரானார். ஊரில் ஓரிரவுக்கு இரண்டரை டாலர் பெற்றவருக்கு வாரம் 150 டாலர் சம்பளம். அந்தக் கிடாரின் முழு விலையும் அதுதானே!

அந்த இரவு சாதாரணக் கிடாரோடு அவர் போயிருந்தால்? அதே விரல்கள், அதே கற்பனை. ஆனால் கிளாரினெட்டின் பக்கத்தில் நின்று அதற்கு ஈடாகப் பேசியிருக்க முடியாது. மூன்றாம் வரிசை மேசைக்கே கேட்டிருக்காது.

1939 அக்டோபர் 2-ஆம் நாள் குட்மனின் அறுவர் குழுவோடு சார்லி இசைத்தட்டுப் பதிவில் வாசித்தார். அந்தத் தட்டுகளைக் கேட்டால் அவர் கிடாரின் தன்மை விளங்கும். கணகணவென்ற மணியோசை இல்லை. தித்திப்பும் திடமும் கலந்த ஒலி. ஒவ்வொரு சுரமும் தனித்தனியே, பேச்சில் வரும் எழுத்துகளைப் போலத் தெளிவாக விழுகிறது. பெரும்பாலும் கீழ்நோக்கியே மீட்டுவார். அதனால் சுரங்களுக்கு ஒரே சீரான அழுத்தம் வந்தது. ஆம்ப்ளிபயரோ இன்றைய கணக்கில் மிகச் சிறியது, 15 வாட் அளவே. அதை முழுவதும் ஏற்றி வாசிக்கும்போது ஒலியின் விளிம்பில் இலேசான கரகரப்பு ஏறும். சாக்ஸபோன் குரலிலும் அந்தக் கரகரப்பு இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள் சாக்ஸபோன் என்றே நினைத்தார்கள் என்று சொல்வதுண்டு. பள்ளிக்கூடத்தில் கிடைக்காத வாத்தியம் கடைசியில் கிடாருக்குள்ளிருந்தே அவருக்குக் கிடைத்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் டவுன் பீட் என்ற இசை இதழில், கிடார்காரர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டு மின்கருவிக்கு மாற வேண்டும் என்று அவர் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. இளைஞர்கள் அதைப் படித்தார்கள். அதைவிட அதிகமாக அவர் இசைத்தட்டுகளைக் கேட்டார்கள். இண்டியானாபொலிஸ் நகரில் வெஸ் மான்ட்கோமரி என்பவர் ஏறக்குறைய இருபது வயதில் சார்லியின் தட்டைக் கேட்டு உடனே கிடார் வாங்கி, அவர் வாசித்ததைச் சுரம் பிசகாமல் கற்றுக்கொண்டார். அவரே பிறகு பெரிய மேதையானார். ஓக்லஹோமாவைச் சேர்ந்த பார்னி கெசல் என்ற பதினாறு வயதுப் பையன் 1940-இல் சார்லியை நேரில் சந்தித்து உடன் வாசிக்கும் பேறு பெற்றான். பின்னாளில் அவர் தம்முடைய வேறொரு கிடாரில் இந்தப் பழைய பிக்-அப்பைப் பதித்துக்கொண்டார். இப்படிப் பலர் தேடிப்போய்ப் பதித்ததாலேயே, புல்லர் செய்த பொருளுக்குக் கிறிஸ்டியன் பெயர் நிலைத்தது. புல்லர் பாவம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

இதைப் படித்துவிட்டு, நாமும் ஒருநாள் மின்கிடார் வாங்கி ஜாஸ் வாசித்தால் என்ன என்று ஒரு தோழி கேட்கலாம். வீட்டில் அனுமதி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். எந்தப் பிக்-அப்பைத் தேர்ந்தெடுப்பது?

கழுத்தருகே ஒன்று இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூன்று பிக்-அப் பதித்த கிடாரைக் கடைக்காரர் பெருமையாகக் காட்டினாலும், ஜாஸுக்குக் கழுத்தருகே உள்ள ஒன்று போதும். அடுத்தது வகை. சார்லியுடையது ஒற்றைச் சுருள். அதன் மெல்லிய தகடு தந்தியின் ஒரு குறுகிய இடத்தை மட்டும் கேட்பதால் ஒலி கனமாக இருந்தும் தெளிவு கெடாது. போருக்குப் பின் 1946-இல் கிப்சன் கொண்டுவந்த பி-90 என்பதும் ஒற்றைச் சுருள்தான். சற்று முரட்டுக் குரல். ஒற்றைச் சுருளுக்கெல்லாம் ஒரு குறை உண்டு. வீட்டு மின்சாரத்தின் முனகலையும் அது சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். குழல்விளக்கு எரியும் மண்டபத்தில் வண்டு ரீங்காரமிடுவது போல இருக்கும். இதைப் போக்க 1955-இல் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கர் என்ற வகையை அமைத்தார். தந்தியின் ஒலி ஒன்றோடொன்று கூடும், முனகல் ஒன்றையொன்று அழித்துவிடும். அழகான யுக்தி! ஆனால் தந்தியை இரண்டு இடங்களிலிருந்து கேட்பதால் மேற்சுரங்கள் சற்று மழுங்கிப் பூப்போன்ற மென்மை வருகிறது. பெரும்பாலான ஜாஸ் கலைஞர்கள் பிற்காலத்தில் அதையே விரும்பினார்கள். இன்னும் சிலர் பலகையைத் தொடாமல் கழுத்தின் ஓரத்தில் தொங்கும் பிக்-அப்பைத் தேர்ந்தார்கள். கிடாரின் மர நாதம் கெடாமல் இருக்க அது ஏற்றது.

எங்களைக் கேட்டால் முனகலைப் பொறுத்துக்கொண்டு சார்லியின் வகையையே எடுப்போம். வண்டின் ரீங்காரத்தை மன்னிக்கலாம், வார்த்தை தெளிவில்லாத பேச்சைக் கேட்பது கடினம். எதை எடுத்தாலும் பிக்-அப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தக் கூடாது. காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் குழப்பும். சற்று இறக்கி வைத்தால் ஒலி இனிமையாகும். மெல்லிய தந்திகளைவிடத் தடித்தவை நல்லது. மரக்கிடாருக்கான வெண்கலச் சுற்றுத் தந்தியும் இதற்கு உதவாது. வெண்கலத்தைக் காந்தம் பொருட்படுத்துவதில்லை.

சார்லியிடம் திரும்புவோம். புகழ் வந்துவிட்டது. டவுன் பீட் வாசகர்கள் தொடர்ந்து அவரையே முதல் கிடார் கலைஞராகத் தேர்ந்தெடுத்தார்கள். 1939 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள் இரவு நியூயார்க் கார்னகி மண்டபத்தில் வாசித்தார். 1941 மார்ச்சில் முழுக் குழுவும் பின்னணியில் நிற்க, கிடாரையே கதாநாயகனாக்கி ஒரு பதிவு செய்தார்கள். தாளத்துக்குத் துணை நின்ற வாத்தியத்துக்கு இப்போது பதினைந்து பேர் துணை!

குட்மன் நிகழ்ச்சி முடிந்த பின் அவர் உறங்கப் போவதில்லை. ஹார்லம் பகுதியில் மின்டன்ஸ் என்ற சிறு கூடத்துக்குப் போவார். டெட்டி ஹில் என்பவர் அதன் பொறுப்பாளர். தெலோனியஸ் மங்க், கென்னி கிளார்க் முதலிய இளைஞர்கள் அங்கே பொழுது விடியும்வரை புதுவகை இசையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சார்லிக்காகவே அங்கே ஓர் ஆம்ப்ளிபயரை நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். ஜெர்ரி நியூமன் என்ற கல்லூரி மாணவர் 1941-இல் தம் கருவியைக் கொண்டுபோய் அந்த இரவுகளில் சிலவற்றைப் பதிவு செய்தார். மூன்று நிமிட இசைத்தட்டில் அடங்காத சார்லியை அந்தப் பதிவுகளில்தான் கேட்க முடிகிறது. நிற்காமல், திரும்பச் சொல்லாமல், ஆற்று வெள்ளம் போல வாசித்துக்கொண்டே போகிறார். அந்த மாணவர் அன்று சோம்பலாக அறையிலேயே இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு இழப்பு!

ஆனால் உடல் ஈடுகொடுக்கவில்லை. எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் அஞ்சிய காசநோய் ஏற்கெனவே அவர் நுரையீரலில் இருந்தது. ஓய்வு வேண்டுமென்று மருத்துவர்கள் எச்சரித்ததை அவர் கேட்கவில்லை. ஊர் ஊராகப் பயணம், இரவெல்லாம் விழிப்பு. இந்த இடத்தில் அவர்மீது நமக்குக் கோபமே வருகிறது. 1941-ஆம் ஆண்டின் நடுவில் பயணத்திலேயே படுத்துவிட்டார். நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ காசநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். டெட்டி ஹில் ஹார்லத்திலிருந்து உணவு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தார்.

அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு செய்தி. நோய் தொற்றும் என்று பயந்து வெள்ளையரான தாதியர் பலர் 1929 முதல் வேலையை விட்டுப் போனார்கள். அவர்கள் இடத்தில் பணிக்கு வந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். உயிரைப் பொருட்படுத்தாமல் நோயாளிகளைக் கவனித்த அவர்களைக் கறுப்புச் சம்மனசுகள் என்று அழைத்தார்கள். சார்லி படுத்திருந்த நாட்களிலும் அங்கே பணி செய்தவர்கள் அவர்களே. காசநோயைக் குணப்படுத்தும் மருந்து அப்போது எங்கும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, உணவு, இவ்வளவே சிகிச்சை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல். ஐசோநயசிட் என்ற மருந்தை அதே சீ வியூ மருத்துவமனையில், அதே தாதியரின் உதவியோடு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1952-இல் அதன் வெற்றியை உலகுக்கு அறிவித்தார்கள். மருத்துவப் பணியில் இருக்கும் நம் அருட்சகோதரிகளுக்கு அந்த மருந்தின் அருமை தெரியும்.

சார்லிக்கு அந்த மருந்துகள் எட்டவில்லை. 1942 மார்ச் 2-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது இருபத்தைந்து.

உடலைப் பிறந்த ஊரான பான்ஹத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உலகின் பல நாடுகளில் கிடார் செய்பவர்களும் வாசிப்பவர்களும் சார்லி கிறிஸ்டியன் பிக்-அப் என்று சொல்லிச் சொல்லி வாங்கினார்கள், விற்றார்கள், பழுது பார்த்தார்கள். பான்ஹம் கல்லறையில் மட்டும் அந்தப் பெயர் இல்லை. 1994-ஆம் ஆண்டில்தான் அங்கே பெயர் பொறித்த கல் நாட்டினார்கள்.